உயிர் ஏடுகளின் பொதுக் களஞ்சியம்

நம் முன்னோரிடையே வைத்திய ஏடு வைத்திருந்த குடும்பங்கள் பல இருந்தன. தந்தை தன் மூத்த மகனுக்கு மாத்திரம் மருந்தின் பக்குவத்தைக் காதோடு சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவான். மகன் இல்லாதவன் எவருக்கும் சொல்லாமலே கண்ணை மூடுவான். ஏடோ பெட்டிக்குள் கிடந்து செல்லுக்கு இரையாகும். இவ்வாறு அழிந்த அறிவு எவ்வளவு என்று இன்று எவராலும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. பூட்டி வைத்தவன் தீயவனல்லன். தன் குடும்பத்தின் பிழைப்பு அதில் அடங்கியிருந்தமையால் பூட்டினான். ஆயினும் விளைந்த நஷ்டம் ஊர் முழுவதற்கும் ஆயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக, உலகின் பல பாகங்களிலுமுள்ள விஞ்ஞானிகள், தாங்கள் கண்டறிந்த புரதங்களின் அமைப்பையும் மரபணுக்களின் எழுத்தையும் சில பொதுக் களஞ்சியங்களில் சேர்த்து வருகின்றனர். அக்களஞ்சியங்கள் இன்று இணையத்தின் வழியே அனைவருக்கும் திறந்து கிடக்கின்றன. பாஸ்டன் நகரத்துப் பேராசிரியரும், கிள்ளானில் கைப்பேசி வைத்திருக்கும் மாணவனும், ஒரு காசும் கொடாமல் ஒரே ஏட்டைப் படிக்கலாம். குலம் என்ன, நாடு என்ன, சம்பளம் என்ன என்று வாயிலில் நின்று கேட்பார் எவருமில்லை.

ஆனால் இக்கதவுகள் தாமாகத் திறந்தவையல்ல. ஒவ்வொரு கதவையும் திறப்பதற்கு வாதாட வேண்டியிருந்தது. இம்மாளிகைக்கு முதற்கல் நாட்டிய அம்மையாரே இறுதியில் அதன் வெளியே நிற்க நேர்ந்தது. அஃது ஏன் என்பதை அறிவோமாயின், பொதுச் சொத்து என்பது எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு நிலைக்கிறது என்பதும் நமக்கு விளங்கும்.

இருபது எழுத்துக்கள்

முதலில் அக்களஞ்சியங்களில் இருப்பது யாதென்று சுருக்கமாகக் காண்போம். நம் உடலின் வேலைகளில் பெரும்பகுதியை நடத்துபவை புரதங்கள். இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். நீரிழிவுக்காரர் ஊசியின் மூலம் ஏற்றிக்கொள்ளும் இன்சுலின் மற்றொரு புரதம். ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளைக் கோத்த மாலை போன்றது. மணிகளின் வகை இருபதே. சில எழுத்துக்களே மாறி மாறி நின்று எண்ணிறந்த சொற்களை ஆக்குவதுபோல், இவ்விருபது மணிகளும் வெவ்வேறு வரிசையில் நின்று எண்ணிறந்த புரதங்களை ஆக்குகின்றன. கோத்த மாலை தன்மேல் தானே மடிந்து ஒரு வடிவத்தைக் கொள்கிறது. அந்த வடிவத்திற்கேற்பவே அதன் தொழில் அமைகிறது. எந்த மணிக்குப்பின் எந்த மணி வரவேண்டும் என்னும் கட்டளை, டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில், நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கிறது. அக்கட்டளையின் ஒவ்வொரு பகுதியையுமே மரபணு என்கிறோம்.

புரத மாலையின் வரிசையை முதன்முதல் முழுமையாகப் படித்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உழைத்த பிரெட்ரிக் ஸாங்கர். மாட்டின் இன்சுலினில் உள்ள மணிகள் 51. அவற்றின் வரிசையையும் பிணைப்பையும் கண்டு முடிக்க அவருக்குப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. 1955ஆம் ஆண்டில் அவ்வேலை முடிந்தது. 1958ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. அவர் காட்டிய வழியில் பிறரும் புரதங்களைப் படிக்கத் தொடங்கினர். ஆனால் படித்ததெல்லாம் பல தேசத்துப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தது. ஒருவர் கண்டதை மற்றொருவர் கண்டதோடு ஒப்பிட வேண்டுமாயின், புத்தகசாலைகளில் நாட்கணக்கில் தேட வேண்டியிருந்தது.

டேஹாப் அம்மையார்

சிதறிக் கிடந்தவற்றைத் திரட்ட முன்வந்தவர் மார்கரெட் டேஹாப் அம்மையார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1925ஆம் ஆண்டு பிறந்த இவர், கொலம்பியா சர்வகலாசாலையில் 1948ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். துளையிட்ட அட்டைகளை விழுங்கிக் கணக்கிடும் யந்திரங்களை ரசாயன ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்று அந்நாளிலேயே கண்டவர்களில் இவர் ஒருவர். தம் இரு பெண்குழந்தைகளை வளர்ப்பதற்காகச் சில ஆண்டுகள் ஆராய்ச்சியை விட்டு வீட்டில் இருந்தார். பின்னர் 1960ஆம் ஆண்டில் தேசிய உயிர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அங்கே அவரும் உடன் உழைத்தோரும் உலகப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கிடைத்த புரத வரிசைகளையெல்லாம் எடுத்தெழுதிப் பிழை திருத்தி, 1965ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டனர். புரத வரிசைகளின் அட்லஸ் என்பது அதன் பொருள். அன்று உலகம் அறிந்திருந்த புரதங்களில் 65 அதில் இடம்பெற்றன. இன்றைய பெருங்களஞ்சியங்களுக்கெல்லாம் வித்து அச்சிறு நூலே.

ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் மூன்றெழுத்துக் குறி அந்நாளில் வழங்கிற்று. துளை அட்டையில் அது மிகுந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதைக் கண்ட அம்மையார், ஒன்றுக்கு ஓரெழுத்தாகச் சுருக்கி ஒரு புதிய நெடுங்கணக்கை வகுத்தார். இன்று உலகில் புரதம் படிப்போர் யாவரும் எழுதுவது அந்த நெடுங்கணக்கிலேதான்.

ஒன்றாகச் சேர்த்து வைத்ததனால் விளைந்த பயன் யாது? ஒப்பிட்டுப் பார்க்கும் வழி பிறந்தது. உயிரணுவின் சுவாசத்திற்கு உதவும் ஸைட்டோகுரோம்-ஸி என்னும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். மனிதனிடத்தில் அதன் மணிகள் 104. சிம்பன்ஸிக் குரங்கினிடத்திலும் அவை 104. ஒரு மணிகூட மாறவில்லை. குதிரை, கோழி, மீன், ஈஸ்ட் என்று விலகிச் செல்லச் செல்ல வேற்றுமை பெருகுகிறது. உயிர்கள் யாவும் ஒரே குடியின் கிளைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்? குரங்கோடும் இவ்வளவு நெருங்கிய உறவுடைய மனிதன், தன்னைப்போன்ற மற்றொரு மனிதனைப் பிறப்பினால் தாழ்ந்தவன் என்று சொல்வது எவ்வளவு பெரிய அறியாமை என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

பூட்டும் திறவுகோலும்

அம்மையாரின் பணி சிறந்ததாயினும், அதற்குப் பொருள் தேடுவது பெரும் தொல்லையாயிருந்தது. புதியன கண்டுபிடிப்போருக்கு உதவித்தொகை கிடைத்தது. பிறர் கண்டதைத் திரட்டுவது வெறும் குமாஸ்தா வேலையென்று பலர் எண்ணினர். ஆதலால் அட்லஸை விலைக்கு விற்றே செலவை ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. அதிலுள்ளவற்றைப் பிறர் எடுத்துப் பரப்பாதபடி கட்டுப்பாடும் செய்யப்பட்டது. இதனைக் கண்ட விஞ்ஞானிகள் சிலர், நாம் உழைத்துக் கண்டதை எடுத்து நமக்கே விற்பது எங்ஙனம் நியாயமாகும் என்று முணுமுணுத்தனர்.

இதற்கிடையே, டி.என்.ஏ. எழுத்தைப் படிக்கும் எளிய முறைகள் 1970களில் தோன்றின. அவற்றுள் ஒன்றைக் கண்டவரும் ஸாங்கரே. அதற்காக 1980ஆம் ஆண்டில் இரண்டாம் நோபல் பரிசைப் பெற்றார். எழுத்துக்கள் வெள்ளமெனப் பெருகலாயின. அவற்றைச் சேர்த்து வைக்க அமெரிக்க அரசாங்கமே ஒரு களஞ்சியம் அமைக்கத் தீர்மானித்தபோது, டேஹாப் அம்மையாரின் நிலையமும், லாஸ் ஆலமோஸில் வால்ட்டர் கோட் என்பவர் தலைமையில் வேலை செய்த குழுவும் போட்டியிட்டன. 1982ஆம் ஆண்டில் அப்பணி லாஸ் ஆலமோஸ் குழுவுக்கும், அதனோடு சேர்ந்த ஒரு கம்பெனிக்கும் அளிக்கப்பட்டது. காரணங்கள் பலவாயினும், சேர்ப்பவற்றின்மேல் எவ்வித உரிமையும் கொண்டாடாமல் எல்லார்க்கும் திறந்து வைப்போம் என்று அக்குழு முன்வந்தது அவற்றுள் முக்கியமானது.

இதிலுள்ள விந்தையை நேயர்கள் கவனிக்கவேண்டும். லாஸ் ஆலமோஸ் என்பது 1945ஆம் ஆண்டில் ஹிரோஷிமாவின்மேல் வீசப்பட்ட அணுகுண்டு உருவான இடம். உலகிலேயே மிகக் கடுமையான இரகசியம் காக்கப்பட்ட அவ்விடத்திலிருந்தே, இரகசியமே இல்லாத களஞ்சியம் ஒன்று பிறந்தது. ஜென்பாங்க் எனப்படும் அது, 1982 டிசம்பரில் வெளிவந்தபோது 606 வரிசைகளையும் 6,80,338 எழுத்துக்களையும் கொண்டிருந்தது. டேஹாப் அம்மையார் அடுத்த பிப்ரவரியில், தமது 57ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார்.

அம்மையாரைக் குறைகூறுவதற்காக இதனை நாம் எழுதவில்லை. விலை வைத்தது பேராசையினாலன்று. விலை வைக்காவிடில் வேலையே நின்றுபோயிருக்கும். ஊருக்குக் குளம் வெட்டியவர் அவர். வெட்டும் கூலியை ஊர் கொடாதபோது, குடத்துக்கு இவ்வளவு என்று வாங்க நேர்ந்தது. பின்பு ஊரே பொருள் கொடுக்க முன்வந்தபோது, மண்வெட்டி வேறு கைக்குப் போயிற்று.

கொடுக்க மனம் வந்த கதை

ஜென்பாங்க் தனித்து நிற்கவில்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஐரோப்பியர் 1980ஆம் ஆண்டிலேயே இத்தகைய களஞ்சியம் ஒன்றை நிறுவினர். பின்னர் ஜப்பானும் ஒன்றை அமைத்தது. மூன்றும் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒன்றில் சேர்ந்ததை மற்ற இரண்டிலும் நாள்தோறும் சேர்த்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் ஏடு அழியாது.

புரதங்களின் எழுத்துக்கு அட்லஸ் தோன்றியதுபோல், அவற்றின் வடிவத்திற்கும் ஒரு களஞ்சியம் தோன்றிற்று. 1971ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாணத்து ப்ரூக்ஹேவன் ஆராய்ச்சிச்சாலையில், ஏழே வடிவங்களுடன் அது தொடங்கப்பட்டது. வேண்டுவோருக்கு அவ்விவரங்கள் காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்பப்பட்டன. இக்களஞ்சியத்திற்காக அன்று முயன்ற இளைஞர்களுள் ஒருவரான ஹெலன் பெர்மன் அம்மையாரே, பிற்காலத்தில் பல ஆண்டுகள் அதன் தலைமையை ஏற்று நடத்தினார்.

தொடக்கத்தில் பலருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு புரதத்தின் வடிவத்தைக் காண்பது பல ஆண்டு உழைப்பு. அதன் முழு விவரத்தையும் கொடுத்துவிட்டால், பின்வருபவன் பலனைத் தட்டிக்கொண்டு போவானே என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே கட்டுரையை மாத்திரம் வெளியிட்டுப் புகழைப் பெற்றுக்கொண்டு, விவரத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். நம் வைத்தியரின் செயலும் இதுவேயல்லவா? 1980களில் விஞ்ஞானிகளுள் ஒரு சாரார் இதனை எதிர்த்துக் கையொப்பம் திரட்டினர். 1989ஆம் ஆண்டில் சர்வதேசப் படிகவியல் சங்கம், வடிவத்தை வெளியிடுவோர் அதன் விவரத்தைக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டுமென்று விதிமுறை வகுத்தது. பத்திரிகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, களஞ்சியத்தில் சேர்த்த எண்ணைக் காட்டாதவரின் கட்டுரையை ஏற்பதில்லை என்று கண்டிப்புச் செய்தன. நல்லெண்ணம் மாத்திரம் போதாமல், விதியும் வேண்டியிருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். ஏழாயிருந்த வடிவங்கள் 2023ஆம் ஆண்டில் இரண்டு லட்சத்தைத் தாண்டின.

இக்களஞ்சியத்தில் சென்னையின் கைவண்ணமும் உண்டு. ஒரு புரத மாலை எந்தெந்தக் கோணங்களில் மடிய இயலும், எவற்றில் இயலாது என்பதைச் சென்னைச் சர்வகலாசாலையில் கோ. நா. இராமச்சந்திரன் என்னும் பேராசிரியர், தம் மாணவர்களோடு கணக்கிட்டு, 1963ஆம் ஆண்டில் ஒரு வரைபடமாக வெளியிட்டார். இன்று எவரேனும் ஒரு புரத வடிவத்தைக் களஞ்சியத்தில் சேர்க்க வந்தால், அது சரியா பிழையா என்று சோதிக்கும் உரைகற்களில் ஒன்று அந்த இராமச்சந்திரன் வரைபடம். பெரிய யந்திரங்கள் இல்லாத ஊரிலும் பெரிய அறிவு பிறக்கக்கூடும் என்பதற்கு இஃதொரு சான்று.

சொத்து யாருடையது?

1986ஆம் ஆண்டில் ஜெனீவாவில் அமோஸ் பைரோக் என்னும் இளைஞர், புரதங்களைப்பற்றிய செய்திகளைச் சீராக்கி, ஸ்விஸ்-ப்ராட் என்னும் களஞ்சியத்தைத் தொடங்கினார். எழுத்து வரிசையோடு, அப்புரதத்தின் தொழில் யாது, எங்கே இருக்கிறது, எந்த நோயோடு தொடர்புடையது என்பவற்றையும் அறிஞர்கள் படித்துப் பார்த்து எழுதி வைப்பதே அதன் சிறப்பு. பத்தாண்டு கழித்து, 1996ஆம் ஆண்டில், அரசாங்கப் பொருளுதவி நின்றுபோகும் நிலை வந்தது. களஞ்சியம் மூடப்படும் என்னும் செய்தி பரவியதும், உலகின் பல திசைகளிலிருந்தும் விஞ்ஞானிகள் முறையிட்டுக் கடிதம் எழுதினர். அதன் பயனாக அது பிழைத்தது. 1998ஆம் ஆண்டில் அதற்கெனவே சுவிட்ஸர்லாந்தில் ஒரு நிலையம் அமைந்தது. 2002ஆம் ஆண்டில் ஸ்விஸ்-ப்ராட்டும், டேஹாப் அம்மையாரின் அட்லஸிலிருந்து வளர்ந்த களஞ்சியமும், ஐரோப்பியரின் மற்றொரு களஞ்சியமும் ஒன்றுசேர்ந்து யூனிப்ராட் என்னும் பெயர் பெற்றன. வெளியே நின்ற அம்மையாரின் உழைப்பு, இருபது ஆண்டு கழித்து வாயிலைக் கடந்து உள்ளே வந்தது.

அதே 1996ஆம் ஆண்டில், மனிதனின் 300 கோடி எழுத்துக்களையும் படிக்க முற்பட்டோர் பெர்முடா தீவில் கூடி, படித்த எழுத்தை 24 மணி நேரத்திற்குள் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்தனர். இதற்கு உறுதியாக நின்றவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஜான் ஸல்ஸ்டன். 1998ஆம் ஆண்டில் செலெரா என்னும் கம்பெனி, அதே வேலையைத் தானும் செய்து, தன் ஏட்டைச் சந்தாதாரருக்கு விற்கப் புறப்பட்டது. பொதுக் குழுவினர் விரைந்து உழைத்தனர். 2003 ஏப்ரலில் வேலை முடிவுற்றதாக அறிவித்தனர். மனித உடலின் ஏடு மனித சமூகத்தின் உடைமையாயிற்று. மார்புப் புற்றுநோயோடு தொடர்புடைய இரு மரபணுக்களின்மேல் ஒரு கம்பெனி கொண்டாடிய காப்புரிமை வழக்கிலும், இயற்கையில் உள்ள மரபணு எவருடைய கண்டுபிடிப்பும் ஆகாது என்று 2013ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தோட்டத்துக்கு வந்த பயன்

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று எண்ணவேண்டா. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர்களுக்குப் பழத்தின் வகை தெரியும். தடித்த ஓடுடையது டூரா, ஓடற்றது பிசிபெரா, இரண்டையும் கலந்து பெறும் மெல்லோடுடைய டெனெராவே மிகுந்த எண்ணெய் தருவது. நாற்று எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மரம் வளர்ந்து காய்த்த பிறகே திட்டமாக அறிய முடிந்தது. 2013ஆம் ஆண்டில், மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விஞ்ஞானிகள் அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து, செம்பனையின் மரபெழுத்தைப் படித்து, ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டனர். அம்மரபணு, கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்ஸிஸ் என்னும் ஒரு சிறு களைச்செடியின் விதையைப்பற்றிய மரபணுவை ஒத்திருந்தது. அக்களையின் எழுத்து முழுவதும் 2000ஆம் ஆண்டிலேயே படிக்கப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட்டிருந்தது. எவருக்கும் உதவாத களையை எவரோ படித்து வைத்தது, இந்நாட்டுத் தோட்டத்து மரத்திற்கு உதவிற்று. நாற்றின் இலையைச் சோதித்தே வகையை அறியும் வழி பிறந்தது.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோயை எவரும் மறந்திருக்க மாட்டார். அவ்வாண்டு ஜனவரி 11ஆம் தேதி, ஷாங்காய் விஞ்ஞானி ஜாங் யோங்ஜென், சிட்னியிலுள்ள எட்வர்ட் ஹோம்ஸ் என்பவர் மூலம், அந்நோய்க்கிருமியின் ஏறக்குறைய 30,000 எழுத்துக்களையும் உலகறிய வெளியிட்டார். மறுநாளே அவருடைய ஆராய்ச்சிச்சாலை மூடப்பட்டது. ஆயினும் எழுத்து வெளிவந்துவிட்டது. கிருமியைக் கண்ணால் காணாதவர்களும் அந்த எழுத்தைக்கொண்டு சோதனை முறைகளையும் தடுப்பூசிகளையும் வகுக்கத் தொடங்கினர்.

கரையும் மதகும்

இன்று புதிய கேள்விகள் எழுந்துள்ளன. லண்டனிலுள்ள டீப்மைண்ட் கம்பெனியார் ஆல்பாபோல்ட் என்னும் கணினி முறையை ஆக்கினர். எழுத்தைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தை அது ஊகித்துரைக்கும். 2022ஆம் ஆண்டில் அது ஊகித்த 20 கோடி வடிவங்கள் பொதுவில் வைக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு நோபல் பரிசில் ஒரு பாதி அதனை ஆக்கிய இருவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த யந்திரம் பாடம் படித்தது எங்கே? ஐம்பது ஆண்டுகளாகப் பல தேசத்தார் சேர்த்துவைத்த ப்ரூக்ஹேவன் களஞ்சியத்திலேதான். பொதுக் குளத்தில் நீர் மொண்டு பெரும்பயிர் விளைப்போர், குளத்திற்குச் செய்யவேண்டுவது யாது?

காடுகளும் உயிர்களும் நிறைந்த ஏழை நாடுகளும் இக்கேள்வியையே கேட்டன. எங்கள் வனத்துச் செடியின் எழுத்தைக் காசின்றிப் படித்து மருந்து செய்து விற்பவர், எங்களுக்குப் பங்கு தரவேண்டாவோ என்றன. இதன் பயனாக, அவ்வெழுத்துக்களால் லாபமடையும் கம்பெனிகள் பொருள் செலுத்துவதற்கென, காலி நிதி என்னும் பொது நிதி 2025 பிப்ரவரியில் ரோமாபுரியில் தொடங்கப்பட்டது. பூட்டாமலும் பங்கு கேட்கலாம் என்பது அதன் கருத்து. அது பலிக்குமா என்பது கொடுப்போர் கையில் உள்ளது.

நம் நாட்டுக் கிராமங்களில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. ஏரி ஊருக்குப் பொது. ஆதலால் கரையை உயர்த்துவதும், மதகைச் செப்பனிடுவதும், தூர் எடுப்பதும் ஊருக்குப் பொது. அவ்வழக்கம் ஓய்ந்த ஊர்களில் ஏரி தூர்ந்தது. யாவர்க்கும் பொது என்பது, எவருக்கும் பொறுப்பில்லை என்று பொருள்பட்டுவிடுமாயின், பொதுச் சொத்து நில்லாது. டேஹாப் அம்மையாரின் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது இதுவே. அவருக்கு உலகம் வேளையோடு கூலி கொடுத்திருந்தால், அவர் பூட்டவும் நேர்ந்திராது. வெளியே நிற்கவும் நேர்ந்திராது.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இக்களஞ்சியத்தின் கதவு நம் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் உள்ளே சென்று படிக்க விஞ்ஞானமும் மொழியும் வேண்டும். திறந்த கதவின் முன்னே படிக்கத் தெரியாமல் நிற்பவனுக்கு, அது பூட்டிய கதவேயாகும். பிள்ளைகளின் விஞ்ஞானப் படிப்பை இடையில் நிறுத்தாதிருப்பது பெற்றோர் செய்யும் குடிமராமத்து. நம் ஊர் வாசகசாலைக்கும் பாடசாலைக்கும் நாம் கொடுக்கும் சிறு தொகையும் அத்தகையதே. அவ்வாறு படித்த பிள்ளையொருவன் நாளை அக்களஞ்சியத்தைத் திறந்து ஒரு புரதத்தின் பெயரை எழுதிக் கேட்பானாகில், அவன்முன் ஓரெழுத்து ஓரெழுத்தாக ஒரு வரிசை விரியும். அந்நெடுங்கணக்கை வகுத்தவர் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிராது. நாமாவது அதனை அவனுக்குச் சொல்லி வைப்போம்.